செய்யலாம்

பிறைத் தொழிற்பேட்டை, மூன்றாவது லோரோங்.
தணிக்கைக்கு வந்தவர் தூரதேசத்துக்காரர்,
நல்லவர்தான்;
வந்ததும் எல்லாருக்கும் தண்ணீர் கேட்டார்.
அவருக்கும் அவளுக்கும் நடுவே எனக்கொரு பிளாஸ்டிக் நாற்காலி,
நாளுக்கு முந்நூறு ரிங்கிட், மதியச் சோறு தனி.

எதிரே முத்துப்பேச்சி, விளாத்திகுளம் பக்கம்.
டீ சட்டைக்குக் கழுத்து வைக்கிறவள்.
காலையில் யாரோ கொடுத்த புது முகக்கவசம்
மடிப்புக் கலையாமல் தாடையில் தொங்கியது.

'ஓவர்டைம் உங்கள் விருப்பத்தின் பேரிலா?'
கேட்கச் சொன்னார், கேட்டேன்.
'விருப்பம்னா?' என்றாள்.
கைவசம் இருந்ததையெல்லாம் இறக்கிப் பார்த்தேன்:
இஷ்டம், சம்மதம், மனசு.
மனசு என்றதும் சிரித்துவிட்டாள்.
அந்தச் சிரிப்புக்கு ஆங்கிலம் கிடைக்காமல்
'சிரிக்கிறார்' என்றேன்.
அவர் 'ஆம்' கட்டத்தில் சரி போட்டார்.

இல்லை ஐயா, அது ஆம் இல்லை
என்று நான் சொல்லியிருக்க வேண்டும்.

'ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம்?'
'தொள்ளாயிரம் கழுத்து.'
'மணி கேட்கிறார்மா.'
'மணி அவங்க கையில இருக்கு,
எங்கிட்ட கழுத்துதான் இருக்கு.'
படிவத்தில்
கழுத்துக்குக் கட்டம் இல்லை.

மதியம் அவர் கோழிச்சோற்றில் இருந்தபோது
பின்வாசலுக்கு என்னைக் கூட்டிப்போய்ச் சாக்கடையைக் காட்டினாள்.
ஆவி பறக்க ஊதா.
இறங்க வந்த உடும்பு ஒன்று
கரையிலேயே நின்று யோசித்தது.

'போன மாசம் மஞ்சக்கா. அதுக்கு முந்தி ஒரு மாதிரி பச்சை.
இங்க என்ன கலர் ஓடுதோ
ஆறே வாரத்துல அது கடையில தொங்கும்.
நாங்க பந்தயம் கட்டுவோம்,
ஒரு பாக்கெட் மீக்கு.'

தண்ணீரைப் பற்றியும் ஒரு கேள்வி இருந்தது படிவத்தில்:
தொழிலாளர்களுக்குக் குடிநீர் உண்டா?
உண்டு.
அதற்கும் ஒரு சரி.

பாலத்தில் பஸ் நின்று நின்று போனது.
கீழே கடல், எந்த நிறமும் இல்லாததுபோல்.

அப்புறம் ஒரு வேலை வந்தது:
வரைவு விதிமுறை, தமிழாக்கம், பக்கத்துக்கு நாற்பது ரிங்கிட்.
வாங்கும் நிறுவனம் தன் ஆலைகளின் பெயரை வெளியிடலாம்.
சாய நீரின் அளவைத் தெரிவிக்கலாம்.
விற்காத துணியை எரிக்காமல் இருக்கலாம்.
தொழிலாளியின் கடப்பிதழை அவரிடமே விட்டுவைக்கலாம்.
லாம், லாம், லாம்.
பன்னிரண்டு பக்கத்தில் முப்பத்தொரு லாம்,
எண்ணினேன்.

மலாய் மூலத்தில் 'போலே'.
இந்த ஊரில் அந்த ஒரு சொல்லில்தான்
பார்க்கிங், கடன், மன்னிப்பு எல்லாம் நடக்கும்.
குறை சொல்லவில்லை,
நானும் அதில்தான் பிழைக்கிறேன்.

ஆனால் ஒன்பதாம் பிரிவில், கடப்பிதழில்,
விரல் தானாக அடித்தது: 'வேண்டும்'.
தமிழில் சட்டத்துக்கும் பசிக்கும் அது ஒரே சொல்.
விதிக்கிறவனும் அதைத்தான் சொல்கிறான்,
கேட்கிறவளும் அதைத்தான்.
அப்படியே விட்டு அனுப்பினேன்.

மூன்றாம் நாள் திரும்பி வந்தது,
ஓரத்தில் சிவப்பு:
'மூலத்தில் இல்லை.'

உண்மைதான். மூலத்தில் இல்லை.
அடித்துத் திருத்தினேன்.
பணம் வெள்ளிக்கிழமை ஏறியது.

அந்த ஞாயிறு, பாயான் பாரு பக்கம் ஒரு கடை.
வாசலில் இருந்து கடைசிச் சுவர்வரை ஊதா.
பதினேழு ரிங்கிட் தொண்ணூறு காசு.
முத்துப்பேச்சி பந்தயத்தில் ஜெயித்திருப்பாள்.

ஒன்றை எடுத்துக் கழுத்தைப் புரட்டிப் பார்த்தேன்.
நேரான தையல்,
ஓரிடத்தில் மட்டும் நூல் லேசாகத் தடுக்கியிருந்தது,
யாரோ தும்மியதுபோல், அல்லது
மணி பார்க்கத் தலை தூக்கியதுபோல்.

ரொம்ப நேரம் பிடித்துக்கொண்டே நின்றேன் போலிருக்கிறது.
கடைப் பெண் வந்து அன்பாகச் சொன்னாள்:
'போட்டுப் பார்க்கலாம், அக்கா.'